ஜனவரியில் ஏற்றிய ஊசி அளவு ஏப்ரலுக்குப் பொருந்துமா?

கேள்வி கேட்டவர் மேன்செஸ்டரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. அவருடைய அம்மா தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்து, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 63. இனிப்புநீர் (நீரிழிவு) வந்து பன்னிரண்டு வருடம். மெட்ஃபார்மினும் கிளிக்லாசைடும் சாப்பிடுகிறார், ராத்திரி படுக்கும்போது ஒரு இன்சுலின் ஊசி. தம்பி எழுதியது இது: "மூன்று வருடமாகக் கவனிக்கிறேன். ஜூலையில் எச்பிஏ1சி (சில மாதச் சீனி அளவைக் காட்டும் ரத்தச் சோதனை) 7.6, 7.8 என்று வருகிறது. ஜனவரியில் 8.9-க்குப் போய்விடுகிறது. கிளினிக்கில் ஊசி அளவை ஏற்றுகிறார்கள். போன ஏப்ரலில் கோயிலில் வேர்த்துக் கொட்டி மயங்கி உட்கார்ந்துவிட்டார். குளிர்காலத்தில் சீனி ஏறும், மருந்தை மாற்றுவார்கள் என்று இங்கே கூட வேலை செய்பவர் சொல்கிறார். நம் ஊரில் குளிரே கிடையாதே, பிறகு ஏன் ஏறுகிறது? மழைக்கு ஓர் அளவு, வெயிலுக்கு ஓர் அளவு என்று அம்மாவை வைத்துக்கொள்ளச் சொல்லலாமா?"

தம்பி, நான் டாக்டர் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) ஆரம்பித்தவன். பிறகு அரசாங்கக் கிளினிக்கில், ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு வந்து உட்காருகிறவர்களின் இனிப்புநீர்ப் புத்தகத்தைப் புரட்டும் மேசையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். உங்கள் அம்மாவின் ஜனவரியும் ஏப்ரலும் எனக்குப் புதிதல்ல, இந்தப் பேராக் பக்கத்தில் எத்தனையோ அம்மாமாரின் புத்தகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். 2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம்மவர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஆகவே பதிலைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு மட்டும் உதவுகிற விஷயம் இல்லை இது.

உங்கள் கூட்டாளி சொன்னது சரிதான், அவர் ஊருக்கு. குளிர் நாடுகளில் எச்பிஏ1சி குளிர்காலத்தில் ஏறி, கோடையின் கடைசியில் இறங்குகிறது. அமெரிக்காவில் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களின் முடிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2005-ல் வெளிவந்தது. அதில் குளிருக்கும் கோடைக்கும் இருந்த வித்தியாசம் சராசரியாக 0.22 புள்ளிதான். ஆஸ்திரேலியாவில் குளிர் ஜூன், ஜூலையில் என்பதால் அங்கே இந்த ஏற்றமும் அந்த மாதங்களுக்கு நகர்ந்துவிடுகிறது. குளிரில் ஆள் நடமாட்டம் குறையும், கனமான சாப்பாடு கூடும், வருடக் கடைசிக் கொண்டாட்டமும் சேரும். உங்கள் அம்மாவுக்கு ஏறுவதோ ஒரு புள்ளிக்கு மேல். அந்த நாட்டுப் பனிக்காலமே செய்யாத வேலையை, சுங்கை சிப்புட்டில் ஏதோ ஒன்று செய்திருக்கிறது.

இங்கே மாதத்துக்கு மாதம் சராசரி வெப்பம் இரண்டு பாகை மாறினால் பெரிய விஷயம். நான் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒரு சொல் இன்னும் தோட்டத்துக் கணக்கர்களான கிராணிமார் வாயில் இருந்தது: விண்டரிங். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், பால் குறையும், அதற்குத்தான் அந்தப் பெயர். அமேசானிலிருந்து வந்த மரம். 1877-ல் நம் பக்கத்துக் கோலாகங்சாரில் நட்ட முதல் கன்றுகளில் ஒன்று இன்றைக்கும் உயிரோடு நிற்கிறது. மலேசியாவில் குளிர்காலம் என்று ஒன்றைக் கொண்டாடுவது அந்த மரம் மட்டும்தான். மனிதர்களுக்கு இங்கே இருக்கும் பருவம் வேறு மாதிரி. எப்போது வேலை இருக்கிறது, எப்போது வீட்டில் முடங்குகிறோம், எப்போது பலகார டின் திறந்திருக்கிறது, எப்போது விரதம். சீனி அந்தக் கணக்கில்தான் ஏறி இறங்குகிறது.

எச்பிஏ1சி எதைச் சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடும் சீனி அதன்மேல் படிந்துகொண்டே வருகிறது. படிந்தது எவ்வளவு என்பதுதான் அந்த எண். அதில் பாதிக்குப் பாதி கடைசி ஒரு மாதத்தின் பங்கு, மீதி அதற்கு முந்தின இரண்டு மூன்று மாதத்தின் பங்கு. ஆக ஜனவரி பத்தாம் தேதி எடுத்த ரத்தம் பேசுவது அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நடந்ததை. அந்தப் பேச்சைக் கேட்டு ஏற்றும் ஊசியோ பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஏப்ரலிலும் வேலை செய்யப்போகிறது. தீபாவளிக்குத் தைத்த சட்டையைச் சித்திரைக்குப் போட்டுக்கொள்வதுபோலத்தான். உடம்பு அதற்குள் இளைத்திருந்தால் சட்டை தொளதொளக்கும், அவ்வளவுதான். ஊசி அப்படித் தொளதொளத்துவிட்டு நிற்காது, சீனியைக் கீழே இழுத்துவிடும்.

அந்த மூன்று மாதத்தில் சுங்கை சிப்புட்டில் என்ன நடக்கிறது? நீங்கள் இங்கே வளர்ந்தவர், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்டோபரிலும் நவம்பரிலும் மத்தியானம் வரைக்கும் வெயில் காய்ந்து, மூன்று நான்கு மணிக்கு மேகம் கட்டி, சாயந்திரம் இடியோடு கொட்டும். மேற்குக் கரை முழுக்க இப்படித்தான். நம் அம்மாமார் நடக்கப் போவது எப்போது? ஐந்தரை மணிக்கு, சமையலும் துணியும் முடிந்த பிறகு. மழை சரியாக அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பிடுங்கிக்கொள்கிறது. வாரத்தில் நான்கு நாள் நடந்தவர் ஒரு நாள் நடப்பார். அதே நேரத்தில் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. தீபாவளியன்று தின்பதைப் பற்றி நான் ஒருபோதும் யாரையும் திட்டியதில்லை, ஒரு நாள் சாப்பாட்டால் எச்பிஏ1சி அசையாது. அசைப்பது மீந்த டின்கள். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு நடக்கும் திறந்த இல்ல உபசரிப்புகள். வருடக் கடைசி விடுமுறையில் வந்து தங்கும் பேரப்பிள்ளைகளுக்குக் கலக்கும் மைலோவில் பாட்டிக்கும் அரைக் கோப்பை.  ஜனவரியில் 8.9 வருவதற்கு வானிலை ஆய்வு தேவையே இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து என்று சொன்னால் பொய். தொண்ணூறுகளில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும், இனிப்புநீர் அதிகம். வருடக் கடைசி மழையில் பாதி நாள் வேலை இல்லை. மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது, வெட்டினாலும் மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) பாலோடு தண்ணீர் சேரும். பெரட்டுக்கு (காலைப் பேர்பதிவுக்கு) போய் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வருவார், கோப்பி, ரொட்டி, படுக்கை. ஜனவரியில் வெறும் வயிற்றுச் சீனி 13 மில்லிமோல். நான்தான் வாரத்துக்கு ஒருமுறை வரும் டாக்டரிடம் எடுத்துச் சொல்லி கிளிபென்கிளமைடு மாத்திரையைக் கூட்டி வாங்கிக் கொடுத்தேன். அப்போது அந்த மாத்திரைதான் எல்லாருக்கும். விண்டரிங் முடிந்து இலை தளிர்த்து, ஏப்ரலில் முழு வேலை தொடங்கியது. விடியுமுன் எழுந்து, பசியாறாமல், ஐந்நூறு மரத்துக்கு மேல் நிரை நிரையாக நடந்து, குனிந்து நிமிர்ந்து வெட்ட வேண்டும். ஒரு காலையில் காண்டா (தோளில் சுமக்கும் காவடிக் கம்பு) வாளியோடு நிரையிலேயே விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தபோது சீனி 2.1. அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாளைக்கும் மேல் நிற்கக்கூடியது என்பதால் சீனித்தண்ணீர் கொடுத்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் இருந்தார். உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எழுதி வாங்கிய அளவை நடக்கிற பெண்ணுக்குத் தொடர்ந்து கொடுத்திருக்கிறேன் என்பது அந்த இரண்டு நாளில்தான் எனக்கு உறைத்தது. பொறுப்பு என்னுடையது, டாக்டர் நான் காட்டிய எண்ணைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் அம்மா மரம் வெட்டப் போவதில்லை. ஆனால் மார்ச், ஏப்ரலில் அவர் உடம்பிலும் பல விஷயங்கள் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. பலகாரம் தீர்ந்துவிட்டது. வெயிலில் பசி எடுக்காமல் மத்தியானம் மோர்ச் சோறு இரண்டு பிடியோடு நிறுத்திவிடுவார். இந்நாட்டில் பதிவான உச்ச வெப்பமே ஒரு ஏப்ரலில்தான், 1998 ஏப்ரல் 9, பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை. அந்த மாதிரி நாட்களில் தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும், போட்ட இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உள்ளே போகும். வெந்நீரில் குளித்த உடனே ஊசி போட்டாலும் இதே கதைதான்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது வேர்வை. சீனி இறங்கும்போது உடம்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கை வேர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, நெஞ்சு படபடப்பது. ஏப்ரல் மத்தியானத்தில் கோயில் தகரக் கூரைக்கடியில் யாருக்குத்தான் வேர்க்காது? பக்கத்தில் இருப்பவர்கள் "வெயில்மா, காத்தாட உக்காருங்க" என்று விசிறுவார்கள். அம்மாவும் வெயில் என்றே நினைப்பார். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும்கூடத் தெரியாமல் போகும், வேர்வை ஒன்றுதான் மிஞ்சும். அதனால் என் மேசைக்கு வருகிறவர்களிடம் நான் வைத்திருந்த விதி இதுதான்: வெயில் மாதத்தில் காரணமில்லாமல் சோர்வாக, குழப்பமாக இருந்தால் விரலைக் குத்திப் பாருங்கள், கருவி கையில் இல்லையென்றால் சீனி இறங்கியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 3.9-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனி அரைக் கோப்பைத் தண்ணீரில், கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். வெறும் வெயில் மயக்கமாக இருந்து சீனி கொடுத்துவிட்டால் கொஞ்ச நேரம் அளவு கூடும், போகட்டும். சீனி இறங்கியதை வெயில் என்று விட்டுவிட்டால் அந்தக் கணக்கே வேறு.

இப்போது ஒரு கேள்வி, இதற்கு உங்கள் பதிலில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. அம்மா கோயிலில் மயங்கியது எத்தனை மணிக்கு? கிளினிக்கில் ராத்திரிக்கு வழக்கமாகத் தருவது பால் நிறத்தில் கலங்கலாக இருக்கும் நடுத்தர வேக இன்சுலின். அது நான்கு மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகத் தொடங்கும். பத்து மணிக்குப் போட்டால் அது அழுத்துவது விடியற்காலையில். காலை எட்டு ஒன்பது மணிக்குள் மயங்கினார் என்றால் ஊசியைச் சந்தேகிக்கலாம். பதினொன்று பன்னிரண்டு மணி என்றால் எனக்கு முதல் சந்தேகம் கிளிக்லாசைடின்மேல். எத்தனை வெள்ளிக்கிழமை இதைக் கேட்டிருக்கிறேன்: "மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டேன்யா, பூசை முடிஞ்சு பசியாறலாம்னு இருந்தேன்." சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டிய மாத்திரை அது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது. மெட்ஃபார்மின் அப்படியில்லை, அது மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சீனி இப்படிக் கீழே விழுவது அபூர்வம். மயங்கியதற்குக் காரணம் மாத்திரையாக இருந்து, நீங்கள் பயந்து ஊசியைக் குறைத்தால், காலைச் சீனி ஏறும், பூசை மயக்கமும் நிற்காது.

மழைக்கு ஓர் அளவு, வெயிலுக்கு ஓர் அளவு என்று நீங்களாக எழுதிக் கொடுப்பது கூடாது. முதல் காரணம் இதுதான், எந்த மருந்து எந்த நேரத்தில் இடறுகிறது என்று தெரியாமல் மாதத்தைப் பார்த்து மாற்ற முடியாது. இன்னொன்று, வானம் நாள்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை. 2016-ல் எல் நினோ வெயில் அடித்தபோது பெர்லிசிலும் கெடாவிலும் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். வேறு வருடம் அதே மாதத்தில் தினமும் மழை. மருந்தை மாற்ற வேண்டியது விரலில் குத்திப் பார்த்த எண்ணைக் கொண்டு. பருவம் சொல்வது எப்போது அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும்.

கிளினிக்கில் இதை எப்படிக் கேட்பது? ஜனவரியில் அளவை ஏற்றும்போது அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "போன வருசமும் இப்படி ஏத்துனீங்க, ஏப்ரல்ல கீழ எறங்கிடுச்சு, மார்ச்சுல ஒருதரம் பாத்துச் சொல்லுங்க." இப்படிச் சொன்னால் தேதியை ஆறு மாதம் தள்ளிப்போடும் டாக்டர் யாரும் இல்லை. அடுத்தது, ராத்திரி ஊசிக்கு எழுதிக் கொடுத்த ஒரு விதி வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து காலை வெறும் வயிற்றில் சீனி இலக்குக்கு மேலே இருந்தால் இரண்டு யூனிட் ஏற்று, கீழே விழுந்தால் பத்து முதல் இருபது விழுக்காடு வரை குறை என்பது பொதுவாகச் சொல்லப்படும் முறை. நம் சுகாதார அமைச்சின் 2020 வழிகாட்டியில் வெறும் வயிற்றுக்கு இலக்கு 4.4-லிருந்து 7.0 வரை. இந்த விதியை டாக்டர்தான் அம்மாவின் புத்தகத்தில் அவர் உடம்புக்குத் தக்கபடி எழுத வேண்டும். எழுதிவிட்டால் அளவு பருவத்தோடு தானாக ஏறி இறங்கும், ஜனவரி எண்ணைக் கட்டிக்கொண்டு ஏப்ரல் வரை இழுக்க வேண்டியதில்லை. இன்னும் ஒன்று. ஏற்கெனவே ஒருமுறை மயங்கியவருக்கு எச்பிஏ1சி 7.1-லிருந்து 8.0-க்குள் இருந்தால் போதும் என்று அதே வழிகாட்டி இடம் கொடுக்கிறது. 7.6 கெட்ட எண் இல்லை. 6.5-ஐத் துரத்தாதீர்கள்.

மருந்து, அளவு எல்லாம் சரி, பொருள் கெட்டுப்போயிருந்தால்? வெயில் மாதத்தில் நான் கண்டுபிடித்த மர்மங்களில் நிறைய, மோட்டார் சீட்டுக்கடியில் இருந்த இன்சுலின். கிளினிக்கில் வாங்கி, சீட்டுக்கடியில் போட்டு, வழியில் பாசாரில் மீன் வாங்கி, கோயிலில் ஒரு கும்பிடு போட்டு வீட்டுக்கு வருவதற்குள் அது அவிந்துபோயிருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் அப்படித்தான். திறக்காத ஊசி மருந்து குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகையில் இருக்க வேண்டும், ஆனால் உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைத்து உறையவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். திறந்த பேனா வெளியே நான்கு வாரம் தாங்கும், 30 பாகைக்குக் கீழே என்று தாளில் போட்டிருப்பார்கள். நம் வீட்டு அறையே மத்தியானம் 32. அதற்காகப் பதறவும் வேண்டாம். கென்யாவின் அகதி முகாம் நிலவரத்தைப் போல 25-லிருந்து 37 பாகை வரை ஏற்றி இறக்கி நான்கு வாரம் வைத்துச் சோதித்த ஓர் ஆய்வு 2021-ல் வந்தது, இன்சுலின் வீரியம் கெடவில்லை. வீட்டு அறை வேறு, சீட்டுக்கடி வேறு. மண்பானையில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வறண்ட ஊரில் பானை நன்றாகக் குளிரும், நம் ஊர் ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாகாது, பானையும் அவ்வளவாகக் குளிராது. இடி மழையில் மின்சாரம் போனால் குளிர்ப்பெட்டியைத் திறக்காமல் விட்டாலே சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

மழை மாதத்தில் கெடுவது சோதனைப் பட்டை. அந்த டப்பாவின் மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் மருந்து இருக்கிறது, நம் அம்மாமார் வசதிக்காக நான்கு பட்டையை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொள்வார்கள். அப்புறம் அது காட்டும் எண்ணை யார் நம்புவது? பழப் பருவத்தில் வேறொரு கூத்து. ரம்புத்தான் உரித்த கையோடு குத்திப் பார்த்துவிட்டு 17 என்று அலறிக்கொண்டு வருவார்கள். ஜப்பானில் 2011-ல் ஆரஞ்சும் திராட்சையும் கிவியும் உரிக்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார்கள், கை கழுவாவிட்டால் பொய்யாக ஏற்றிக் காட்டியது, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு குத்த வேண்டும்.

பழம் என்றதும் டுரியான். நம் பக்கத்தில் பெரிய பருவம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. நூறு கிராம் சுளையில் 27 கிராம் மாவுச்சத்து, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி சீனிக்குச் சமம், கூடவே கொழுப்பு. யாரும் நூறு கிராமோடு கையைக் கழுவுவதில்லை. உங்கள் அம்மாவின் ஜூலை 7.6-ஐ நினைத்துப் பாருங்கள். அது சித்திரை வெயிலிலிருந்து ஜூன் வரை நடந்ததைப் பேசுகிற எண், டுரியான் அதில் முழுதாக மாட்டவில்லை. செப்டம்பரில் ஒருமுறை எடுத்தால்தான் அம்மா எவ்வளவு நல்ல பிள்ளை என்று தெரியும்.

விரதத்துக்கு வருகிறேன். புரட்டாசியில் சைவம் என்பதால் சீனி இறங்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தது பெரும்பாலும் நேர்மாறு. மீனும் கோழியும் இருந்த இடத்தில் உருளைக்கிழங்கும் கூடுதல் சோறும் வந்து உட்கார்ந்துகொள்ளும், பருப்பும் தௌஃபுவும் (சோயாக் கட்டியும்) வருவதில்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாள், தைப்பூசத்துக்குச் சிலர் 48 நாள், ஒருவேளைச் சாப்பாடு. தைப்பூச விரதம் விழுவது பாருங்கள், சரியாக ஜனவரியில், ஊசியை ஏற்றிய அதே வாரங்களில். விரதம் இருக்காதே என்று சொல்ல நான் யார்? நேர்த்தி அவர்களுக்கும் முருகனுக்கும் நடுவில் உள்ளது. ஒருவேளை சாப்பிடப்போகிறேன் என்று கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி, கிளிக்லாசைடை அந்த ஒரு சாப்பாட்டோடு சேர்க்கலாமா, குறைக்கலாமா என்று கேட்டு வர வேண்டும். முஸ்லிம் அன்பர்கள் நோன்புக்கு முன்னால் இதைச் செய்கிறார்கள், கிளினிக்கிலும் அதற்குப் பழகியிருக்கிறார்கள். நம்மவர்கள்தான் வாயைத் திறப்பதில்லை.

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு நடக்கிறவர்கள் பாதத்தைப் பார்க்க வேண்டும். மத்தியானத் தார் ரோட்டில் வெறுங்கால். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுட்டதே தெரியாது, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையை வைத்துப் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். அதில் உணர்ச்சியில்லை என்று எழுதியிருந்தால் விடியுமுன் நடந்து முடித்துவிட வேண்டும். மழையில் ஆபத்து விரலிடுக்கில். நனைந்த செருப்பு, பூட்ஸ், சேற்றுப்புண். வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வேறு. வீட்டுக்கு வந்ததும் கழுவி, விரலிடுக்கை உலர்த்தினால் பாதிக் கதை முடிந்தது. புகைமூட்டம் வரும் மாதங்களில் வெளியே நடக்க முடியாது, வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும், வேறொன்றுமில்லை.

கடைசியாக, காய்ச்சல். டிங்கியோ சாதாரணச் சளியோ, காய்ச்சல் வந்தால் சாப்பிடாமலே சீனி ஏறும், அதனால் சாப்பிடவில்லையே என்று இன்சுலினைத் தானாக நிறுத்தக்கூடாது, அடிக்கடி குத்திப் பார்த்துக் கிளினிக்கில் கேட்க வேண்டும். வாந்தி, பேதி, ஒன்றும் உள்ளே தங்கவில்லை என்றால் மெட்ஃபார்மினை அந்த நாட்களுக்கு நிறுத்திவைக்கச் சொல்வார்கள். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் சோர்ந்தால் அது உள்ளே தேங்கும். இப்போது புதிதாகக் கொடுக்கும் எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகளுக்கும் அதேதான், அவை சீனியைச் சிறுநீரில் தள்ளும்போது தண்ணீரையும் சேர்த்து இழுக்கின்றன. வெயில் மாதத்தில் அவற்றைச் சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிப்பதில் கஞ்சம் பண்ணக்கூடாது. தண்ணீர் என்றால் தண்ணீர், சிராப் பண்டோங் (ரோஜா சிராப்பும் பாலும் கலந்தது) இல்லை, கரும்புச் சாறு இல்லை.

இன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டால் மூன்று விஷயம் கேளுங்கள்: பேனாவின் மேல் எழுதியிருக்கும் மருந்தின் பெயர் என்ன, கோயிலில் மயங்கியது எத்தனை மணிக்கு, அன்றைக்குப் பசியாறியிருந்தாரா. எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மருந்து கலங்கல் இல்லாமல் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தால் நான் ராத்திரி ஊசியைப் பற்றி மேலே சொன்ன நேரக் கணக்கு மாறும், அதை அப்புறம் தனியாக எழுதுகிறேன்.